பட்டுச்சேலையோடு போய் நைட்டியோடு நின்ற ஞாயிறு: அரூர் பக்கம் ஒரு சின்ன சபை

மேலே உள்ள படத்தில், சர்ச் வாசலில் பூப்போட்ட நைட்டியும் தோளில் துண்டுமாக, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பது நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. நைட்டி என்னுடையது இல்லை. அதன் சொந்தக்காரி என்னைவிட ஒரு முழம் குட்டை, அதனால் அது கணுக்காலுக்கு ரொம்ப மேலேயே நின்றுவிட்டது. சர்ச்சுக்குப் போகும்போது முந்தானையில் ஒரு மடிப்பு கலைந்தால்கூட வீட்டுக்குத் திரும்பி வந்து சரிசெய்துகொண்டு போகிறவள் நான். இந்தப் படத்தை எங்கள் பெண்கள் சங்க வாட்ஸப்பில் போட்டது யார் என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அது ஊர் முழுக்கப் பரவுவதற்குள் நானே இங்கே போட்டுவிட்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரோட்டில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு முடிந்தது. ஊர் சுற்றுவதில்தான் மேல்படிப்பு.

எங்கள் சர்ச்சில் பெண்கள் சங்கம் வருடத்துக்கு ஒரு சின்ன சபையைத் தேர்ந்தெடுத்து, அது தளர்ந்து போகாமல் கைகொடுக்கிறது. இந்த வருடம் தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் ஒரு கிராமத்துச் சபை வந்தது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், காரணம் போகப்போகத் தெரியும். அந்தப் பகுதியில் ஏழு சர்ச்சுகளை ஒரே பாஸ்டர் பார்க்கிறார். இந்தச் சர்ச்சுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். எங்கள் தலைவி போனில் பேசியபோது அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: “அங்க நாலே குடும்பம்தாம்மா. அரூர் சர்ச்சோட சேத்துடலாம்னு இருக்கேன். நீங்களும் ஒரு தடவ வந்து பாத்துட்டு, உயிர் இருக்கா இல்லையான்னு சொல்லுங்க.”

உயிர் இருக்கிறதா என்று நாடி பார்த்துவர யாரை அனுப்புவது? ஞாயிறு கடைக்கு விடுமுறை, வாய்க்கு மட்டும் விடுமுறையே கிடையாது என்பதால் என்னை அனுப்பினார்கள்.

கையில் ஒரு பெரிய பையும் கொடுத்தார்கள். ஐந்து லிட்டர் பீனாயில், இரண்டு துடைப்பம், ஒரு பெட்டி கொசுவர்த்தி, மல்லிகை வாசனை மெழுகுவர்த்தி, அறைக்கு அடிக்கிற சென்ட். சின்ன சபை என்றால் தூசியும் கொசுவும்தான் இருக்கும் என்பது எங்கள் முடிவு. ஈரோட்டில் முறுக்கு தின்றுகொண்டே எடுத்த முடிவு.

போன சனிக்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு ஈரோட்டில் பஸ் ஏறினேன். சேலம் வந்து சேர மூன்றே கால். டிக்கெட் ஐம்பத்தைந்து. சேலத்தில் அரூர் பஸ் அடிக்கடி இருக்கிறது, டிக்கெட் ஐம்பது. சுமார் அறுபது கிலோமீட்டர்தான், ஆனாலும் மஞ்சவாடிக் கணவாயில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்ததில் இரண்டு மணி நேரம் ஆனது. வலதுபக்க ஜன்னல், இடதுபக்க ஜன்னல் எதுவானாலும் மலை தெரியும், சண்டை போட வேண்டாம். அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே லாட்ஜ், ஒரு ராத்திரிக்கு அறுநூற்றைம்பது. சுத்தம் பரவாயில்லை. கொசு இருந்தது. நான்தான் கொசுவர்த்திப் பெட்டியோடு போயிருக்கிறேனே, ஒன்றைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஏழு பத்துக்குத் தீர்த்தமலை போகும் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் முழுக்க மலைக்குப் போகிற கூட்டம். நான் விருந்தாளி அல்லவா, சங்கத்தின் சார்பில் வாழ்த்துரை சொல்ல வேண்டுமே என்று, மயில்கழுத்து நிறத்தில் இருக்கும் என் ஒரே பட்டுச்சேலையைக் கட்டியிருந்தேன். முகத்துக்குப் பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய், கொண்டையில் மல்லிகை.

கண்டக்டர் மூக்கைச் சுளித்தபடி வந்தார்.

“மலைக்கா, அக்கா?”

“இல்லைங்க, முன்னாடியே எறங்கிக்கறேன். சர்ச்சுக்கு.”

“பையில இன்னாங்க்கா, ஆஸ்பத்திரியக் கழட்டி எடுத்துனு போறீங்களா?”

பீனாயில் மூடி லேசாகக் கசிந்திருந்தது. பஸ்ஸில் எனக்கு உடனே உட்கார இடம் கிடைத்ததன் ரகசியமும் அதுதான்.

அரூரிலிருந்து பதினொரு கிலோமீட்டரில் இறங்க வேண்டும். அங்கிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். பாரம் இல்லாதவர்கள் நடக்கலாம். நான் ஆட்டோ பிடித்தேன், எண்பது ரூபாய். இரண்டு பக்கமும் மரவள்ளி, கரும்பு, இடையிடையே இடுப்புயரத்துக்கு மல்பெரித் தோட்டம்.

ஆட்டோ என்னை இறக்கிவிட்டுப் போனதும் நான் கண்ட முதல் காட்சி: சர்ச்சின் பெஞ்சுகள் எல்லாம் வெளியே, புளியமரத்தடியில் கிடக்கின்றன. கதவு சாத்தியிருக்கிறது. ஆள் இல்லை. செத்துப்போன சபைக்கா வாழ்த்துரை எழுதிக்கொண்டு வந்தேன்?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மழை. ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது வெளியே சீராகப் பெய்யுமே, அந்த மாதிரி மழை. நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழைச் சத்தம் சர்ச்சுக்குள்ளேயிருந்து வருகிறது!

ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை வலையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

புழு.

ஒன்றிரண்டு இல்லை. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மூங்கில் கட்டி, அடுக்கடுக்காக இலைகளைப் பரப்பி, அதன் மேலெல்லாம் விரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாகப் புழு. எல்லாம் தலையை ஆட்டி ஆட்டி இலை தின்கின்றன. அந்தச் சத்தம்தான் மழை. சுவரில் “கர்த்தர் நல்லவர்” என்று எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் புழு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அய்யய்யோ! அக்கா! கிட்ட போவாதீங்க! அங்கியே நில்லுங்க!”

ஒரு பெண் தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். எஸ்தர். அந்தச் சபையின் நாலு குடும்பங்களில் ஒரு குடும்பத்துக்காரி, வயது முப்பதுக்குள். பக்கத்தில் வந்தவள் என்னை மோந்து பார்த்தாள். பொய் இல்லை, நாய்க்குட்டி மாதிரி மோந்து பார்த்தாள்.

“பவுடரு. எண்ணெய். பூ. அக்கா, கொசுவர்த்தி வாசன வேற வருதே?”

“ராத்திரி லாட்ஜில கொளுத்தினேன் கண்ணு…”

“அந்தப் பொகை ஒத்துக்காம ஒரு ஷெட்டுப் புழுவே செத்துப் போயிருக்குதுக்கா! பையில இன்னா?”

சொன்னேன். பீனாயில் என்றதும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சென்ட் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் முப்பது பெண்களும் சேர்ந்து யோசித்து, பட்டுப்புழுவுக்கு ஆகாத சாமான்களில் ஒன்றைக்கூட விடாமல் வாங்கி அனுப்பியிருக்கிறோம்.

அதற்குள் இன்னொரு அம்மா வந்துவிட்டார். முனியம்மா, என் வயதுதான் இருக்கும். எதிரே பெரிய தோட்டம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். அவர்கள் சாமி வேறு, ஆனால் எஸ்தர் வீட்டுக்கு இலை பற்றாதபோது இலை கொடுப்பது இவர்தான். அவர் ஒரு நீளக் குச்சியின் நுனியில் என் பையை மாட்டி, செத்த பாம்பைக் கொண்டுபோவது போலக் கையை நீட்டியபடியே எடுத்துக்கொண்டு தூரத்துப் பனைமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பட்டுச்சேலையா? நல்லாருக்குது போ! புழுவுங்க பாத்தா மெரண்டுரும் அக்கா. அதுங்க தாத்தன் பாட்டனெல்லாம் இல்ல ஒடம்புல சுத்திக்கினு வந்திருக்கீங்க!”

நான் பேச்சுக்குப் பேச்சு விடாதவள். அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. என்னைக் கிணற்று மோட்டாருக்குக் கூட்டிக்கொண்டு போய், சோப்பு இல்லாமல், தலையோடு தண்ணீர் விட்டு, எஸ்தரின் நைட்டியை மாட்டிவிட்டார்கள். படத்தின் கதை இதுதான்.

தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது எஸ்தர் விஷயத்தைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பெயர் எபினேசர், எபி. இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டு, வீட்டை ஒட்டி ஷெட் கட்டிப் புழு வளர்க்கிறார்கள். போன வியாழன் சாயங்காலம் அடித்த கோடைக் காற்றில் ஷெட்டின் கூரைத் தகடு மொத்தமும் பறந்துவிட்டது. புழுக்கள் கடைசித் தோலும் உரித்து, கூடு கட்டுவதற்கு முன்னால் இலையாகத் தின்று தீர்க்கும் வாரம் அது. திறந்த வெளியில் விட்டால் எறும்பு, வெயில், ஈ எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் முடித்துவிடும். ஊரில் நல்ல கூரையும் காற்றோட்டமும் உள்ள காலிக் கட்டடம் ஒன்றுதான் இருந்தது.

“ஞாயித்துக்கெழம தவிர சர்ச்சு சும்மாதானக்கா இருக்குது” என்றாள். “அதான் எல்லாரும் சேந்து தூக்கியாந்துட்டோம்.”

“பாஸ்டருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இன்னிக்கு வர்றாரா?”

“பத்தரைக்கு.”

“என்ன கண்ணு சொல்லப் போறீங்க?”

“உள்ள வெக்கையா இருக்குது, மரத்தடியில வெச்சிக்கலாம்னு.”

“அந்த மழைச் சத்தத்துக்கு?”

அவள் கொடியில் என் பட்டுச்சேலையை விரித்துப்போட்டபடி மெதுவாகச் சொன்னாள். அவளுடைய அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை மேஸ்திரி. இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாராம். இந்தப் புழு போய்விட்டால் வேறு வழி இல்லை, குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான். “மத்த மூணு வூட்லயும் பெரியவங்க மட்டுந்தாங்க்கா. சண்டே ஸ்கூல்னா எங்க ரெண்டு புள்ளைங்கதான். பாட்டு எடுத்துக் குடுக்கறது இவரு ஒருத்தருதான். நாங்களும் போயிட்டா மிச்சம் ஆறு பேரு. அப்புறம் பாஸ்டரு பூட்டிட்டாருன்னு அவரு மேல தப்பு சொல்ல முடியுமா?”

இதுவரைக்கும் எனக்குப் புழுவைப் பார்த்த அதிர்ச்சிதான். இப்போது வேறு மாதிரி அதிர்ச்சி. சின்ன சபைகள் ஏன் தேய்கின்றன என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். ஜெபம் குறைந்துவிட்டது என்று ஒருத்தி, செல்போன் வந்துவிட்டது என்று ஒருத்தி, மைக் செட் இல்லை என்று ஒருத்தி. ஒரு ஷெட்டின் கூரை பறந்தால் ஒரு சர்ச் மூடிவிடும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கைகாலைக் கழுவிக்கொண்டு, புழுவுக்கு நோய் ஒட்டாமலிருக்க வாசலில் தூவியிருந்த சுண்ணாம்புத் தூளை மிதித்து உள்ளே போனேன். எபி இலைத்தண்டுகளைப் பரப்பிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், மூன்று நாள் தூங்காத கண்.

“வாங்கக்கா. பயப்படாதீங்க, கடிக்காது.”

“நான் கடிச்சாத்தான் உண்டுங்க” என்றேன். எனக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

ஒன்றைக் கவனித்தேன். பலிபீடத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைத் தாண்டி ஒரு இலை, ஒரு தட்டு கிடையாது. விரிப்பு, சிலுவை, பைபிள் எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தன. நான் ஈரத்தில் மங்கிய மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திறந்த பெட்டியோடு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தட்டுகளைச் சுற்றி வந்தேன்.

பத்து இருபதுக்கே பாஸ்டரின் பைக் வந்துவிட்டது. ஐம்பது வயது இருக்கும், அலைந்து அலைந்து கறுத்த முகம், படிய வாரிய தலை. காற்றில் அவருக்கு முன்னால் அவருடைய தலை எண்ணெய் வந்து சேர்ந்தது. எஸ்தர் ஓடிப்போய், “தோத்திரம் பாஸ்டர், உள்ள வெக்கையா…” என்று ஆரம்பித்தாள்.

பாஸ்டர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நான் பார்த்த மாதிரியேதான். அப்புறம் கதவைப் பார்த்தார். அப்புறம் போய்த் திறந்தார்.

சுவரில் இருந்த வசனத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே பார்த்தார்.

“எபி. இது என்ன?”

“புழுங்க பாஸ்டர்.”

“புழுன்னு தெரியுது. ஆலயத்துல என்ன பண்ணுது?”

எபி சொன்னார். பாஸ்டர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. வந்து புளியமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நாலு குடும்பத்துக்கு ஒரு ஆலயமான்னு மேல கேக்கறாங்க எபி. ஒவ்வொரு மீட்டிங்லயும் நான்தான் பதில் சொல்றேன். இப்போ யாராவது போட்டோ எடுத்துப் போட்டா நான் என்னன்னு சொல்றது? பலிபீடத்துக்கு முன்னால…”

“கயிறு கட்டியிருக்கோம் பாஸ்டர். அதைத் தாண்டல.”

“கயிறு கட்டினா சரியாப் போச்சா? மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடு. மொதல்ல ஆராதனை. ஆராதனை முடிஞ்சதும் நானும் ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு.”

அந்த ‘ஒண்ணு’ என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். பெஞ்சில் உட்கார வந்த பெரியவர்கள் ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். எஸ்தர் என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. எபி தலையைக் குனிந்தபடி, “காலி பண்ணி எங்க பாஸ்டர் வெக்கறது?” என்று கேட்டார். பாஸ்டர் வாயைத் திறந்தார்.

அந்த நேரத்தில் மழை நின்றது.

நான் ஒருத்திதான் புரியாமல் முழித்தேன். மற்றவர்கள் எல்லாரும் பாஸ்டரை விட்டுவிட்டு சர்ச்சைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மூலையில் குறைந்து, இன்னொரு மூலையில் குறைந்து, அந்தச் சத்தம் அடங்கிப்போனது.

“எபி,” என்றார் முனியம்மா. “சத்தம் நின்னுருச்சிடா.”

எபி எழுந்து ஓடினார். புழு தின்பதை நிறுத்தினால் பழுத்துவிட்டது என்று அர்த்தமாம். நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தார்கள், வெக்கையில் முந்திக்கொண்டுவிட்டது. பழுத்த புழுவை உடனே பொறுக்கி, கூடு கட்டுகிற பிளாஸ்டிக் வலைகளில் விட வேண்டும். தாமதித்தால் அது பாட்டுக்குச் சுவரில், பெஞ்சில், கிடைத்த சந்தில் ஏறி நூலை வீணாக்கிவிடும். சாயங்காலத்துக்குள் அத்தனையையும் பொறுக்க நாலு வீட்டு ஆட்கள் போதாது.

முனியம்மா தெருமுனைக்குப் போய் நின்று ஒரே குரல்: “பழுத்துருச்சேய்!”

அந்த ஊர் வழக்கம் இது. யார் வீட்டுப் புழு பழுத்தாலும் ஒரு குரல் கொடுத்தால் போதும், தனித்தனியாக அழைப்பு கிடையாது. காதில் விழுந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட வேண்டும். நாளைக்கு அவர்கள் வீட்டுப் புழுவுக்கு இவர்கள் போவார்கள். பத்து நிமிடத்தில் தெரு நிறைய ஆள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், சுண்ணாம்பை மிதிக்கிறார்கள், உள்ளே போகிறார்கள். பெரிய தோட்டத்து வீட்டுப் பெண்கள்கூட வந்தார்கள். எஸ்தர் என் காதில், “இவங்கெல்லாம் இந்தப் படியில கால் வெச்சதே இல்லக்கா” என்றாள்.

பாஸ்டர் மட்டும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், கையில் ஆராதனைப் புத்தகத்தோடு. முனியம்மா திரும்பி வந்தவர் அவர் முன்னால் நின்றார்.

“இன்னாங்க பாஸ்டரு, வேடிக்க பாக்கறீங்க? கையக் கழுவிக்கினு வாங்க.”

“நானா?”

“நீங்கதான். மொதல்ல அந்தத் தலய அலசுங்க. மணக்குது.”

பாஸ்டரிடம் போய்த் தலையை அலசு என்று ஈரோட்டில் ஒருத்தி சொல்லட்டும் பார்க்கலாம்! அவர் முனியம்மாவைப் பார்த்தார். நைட்டியில் நிற்கிற என்னைப் பார்த்தார். நான் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டி, “தண்ணி ஜில்லுன்னு நல்லா இருக்குதுங்க பாஸ்டர்” என்றேன்.

கால் மணி நேரத்தில், எபியின் லுங்கியும் பழைய சட்டையுமாக, தலை ஈரத்தோடு பாஸ்டர் சர்ச்சுக்குள் வந்தார். ஒரு தட்டின் முன்னால் போய் நின்றார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “மஞ்சளா, கண்ணாடி மாதிரி இருக்கறத மட்டும் எடுங்க பாஸ்டர், வெள்ளைய விட்டுருங்க” என்று காட்டிக்கொடுத்தார். பாஸ்டர் தலையாட்டினார்.

ஆராதனை அப்படித்தான் நடந்தது. யார் கையும் நிற்கவில்லை. எபி ஒரு தட்டின் பின்னாலிருந்து பாட்டை எடுத்துக்கொடுத்தார். பெரியவர்கள் ஆறு பேரும் பாடினார்கள். எஸ்தரின் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் பாடின. இரண்டாவது சரணத்தில் பார்த்தால் முனியம்மாவும் வார்த்தை பிசகாமல் பாடுகிறார். “முப்பது வருசமா எதுத்த வூட்டுல கேக்கறேன், வராதா பின்ன?” என்றார். பாஸ்டர் குனிந்து புழுவைப் பொறுக்கியபடியே ஜெபம் செய்தார். புழுவுக்காகவும் செய்தார். பிரசங்கம் செய்யவில்லை. நானும் என் வாழ்த்துரையை உள்ளங்கை நிறையப் புழுவோடு சொன்னேன். முதல் புழுவைத் தொட்டபோது உச்சந்தலை வரைக்கும் சில்லிட்டது. ஆறிப்போன அவித்த வேர்க்கடலை மாதிரி, ஆனால் உயிரோடு. நூறாவது புழுவில் பழகிவிட்டது.

மூன்று மணிக்கு முடித்தோம். வலைகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, புளியமரத்தடியில் பாஸ்டர் திருவிருந்து கொடுத்தார். லுங்கிக்கு மேலே அங்கி. பொறுக்க வந்தவர்கள் டீ தம்ளரோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் எல்லாரும் பாஸ்டரின் முகத்தையே பார்த்தோம், அந்த ‘ஒண்ணை’ எதிர்பார்த்து.

அவர் எபியைக் கூப்பிட்டார். “கூட்ட அறுக்கிற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் கழுவி விட்டுடணும். அடுத்த தடவ புழு இங்க வரக்கூடாது. ஷெட்டுக்குக் கூர போடற வழியப் பாரு.” அவ்வளவுதான். பைக்குக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். சும்மா விடுவேனா? “என்னமோ ஒண்ணு சொல்லணும்னீங்களே பாஸ்டர்?”

அவர் பைக் சாவியைத் தேடினார். அது அவருடைய பேன்ட்டில், பேன்ட் மோட்டார் ஷெட்டில். “அரூர்ல முந்நூறு பேரு வராங்கம்மா,” என்றார். “உக்காருவாங்க, எழுந்திருப்பாங்க, போவாங்க. நீயும் வந்து ஒரு கை போடுன்னு என்னை யாரும் கூப்பிட்டதில்ல.” கொஞ்சம் நிறுத்தி, “இந்த நாலு குடும்பத்த அங்க கொண்டுபோய் உக்கார வெச்சா, அவங்களும் உக்காந்துட்டுத்தான் போவாங்க” என்றார். சேர்க்கிற பேச்சை ஒரு வருடத்துக்கு எடுக்கப்போவதில்லை என்று எங்கள் தலைவிக்குப் போனில் அவரே சொல்லிவிட்டார்.

திரும்பும் வழி அதே வழி. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மெயின் ரோட்டில் டவுன் பஸ், அரூரில் ஏழு மணி சேலம் பஸ், வீடு வந்து சேரும்போது பதினொன்று. பீனாயில் பையை ஞாபகமாகத் திரும்பக் கொண்டுவந்தேன். வழக்கம்போல உட்கார இடம் கிடைத்தது.

புதன்கிழமை எங்கள் சங்கக் கூட்டம். உயிர் இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்களுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை. வழக்கமாக நாங்கள் கொடுப்பது மைக் செட், மின்விசிறி, பெயர் எழுதிய நாற்காலி. இந்தத் தடவை எபியின் ஷெட்டுக்குக் கூரைத் தகடு போடுவது என்று முடிவு செய்தோம். “சர்ச்சுக்குக் குடுக்காம வீட்டுக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கூரை நின்றால்தான் அந்தச் சர்ச்சில் பாட்டு இருக்கும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. அடுத்த புழு பழுக்கும்போது எஸ்தர் போன் செய்தால் எங்களில் பத்துப் பேர் போய்ப் பொறுக்குவதாகவும் பேச்சு. அன்றைக்கே எஸ்தர் போன் செய்தாள். கூடுகள் நன்றாகக் கட்டியிருக்கின்றன, சுவரில் போனது கொஞ்சம்தான். பெங்களூர் அண்ணனிடம் இப்போதைக்கு வரவில்லை என்று எபியே சொல்லிவிட்டாராம். இப்போதைக்கு என்பதை எஸ்தர் இரண்டு தடவை சொன்னாள். நானும் குறித்துக்கொண்டேன்.

இந்த மாதிரிச் சின்ன சபைகளுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்காமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். ஞாயிறு மட்டும் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த ஜனங்கள் திங்கள் முதல் சனி வரை எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்று பாருங்கள், சபையின் நாடி அங்கேதான் துடிக்கிறது. பார்வையாளராக உட்கார இடம் கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். மல்பெரி இருக்கிற ஊர் என்றால் பவுடர், சென்ட், பூ, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். உங்கள் உயரத்துக்குத் தகுந்த நைட்டி ஒன்று பையில் இருக்கட்டும். ஈரோட்டிலிருந்து எல்லாம் சேர்த்துப் போக வர எனக்குச் செலவு ஆயிரத்து இருநூறுக்குள்தான்.

கடைசியாக ஒன்று. ஜன்னல் திட்டில் வைத்த மூக்குக் கண்ணாடிப் பெட்டியைக் கிளம்பும்போது உள்ளே பார்க்காமலே மூடி எடுத்து வந்தேன். திங்கள் முழுக்க அலுப்பில் படுத்துக் கிடந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்போதுதான் திறந்தேன். கண்ணாடியின் இரண்டு காதுகளுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கூடு கட்டியிருந்தது. எபிக்குப் போன் செய்தேன். நல்ல கூடா என்று கேட்டார். நல்ல கூடுதான் என்றேன். அப்படியானால் கூடு இறுகட்டும், ஞாயிறு வரைக்கும் தொட வேண்டாம் என்றார். கண்ணாடி இல்லாமல்தான் கடை நடத்துகிறேன். நேற்று பஜ்ஜி மாவில் மிளகாய்த் தூளுக்குப் பதிலாகக் காபித் தூளைப் போட்டுவிட்டேன். பதினான்கு பேர் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் இன்னொரு பிளேட் கேட்டார்கள்.